சொட்டாத மூக்கு

ஊற்றும் பாத்திரம் ஒன்றைக் கையில் எடுத்ததும் அது நன்றாக ஊற்றுகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். நிமிர்த்தும்போது என்ன செய்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கெண்டியோ, ஜக்கோ, டீ பாட்டோ, சாய்த்தால் எப்படியும் நீர் வெளியே வரும். நிமிர்த்தும் கணத்தில்தான் வனைந்தவரின் வேலை தெரியும். கடைசிச் சொட்டு உள்ளே திரும்புகிறதா, இல்லை உதட்டின் அடியில் ஒட்டி, கழுத்தில் இறங்கி, வயிற்றில் ஓடி, மேசையில் ஈர வட்டம் போடுகிறதா? தண்ணீராக இருந்தால் துடைத்துவிடலாம். டிகாக்‌ஷனாக இருந்தால் கறை. நல்லெண்ணெயாக இருந்தால் இரண்டே வாரத்தில் பாத்திரத்தைச் சுற்றித் தூசும் பிசுக்கும் சேர்ந்துவிடும். எவ்வளவு அழகான கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) போட்டிருந்தாலும் அப்படிப்பட்ட கலம் அலமாரியின் பின்வரிசைக்குத்தான் போகும்.

அதனால் ஊற்றுகலத்தை நுனியிலிருந்து பின்னோக்கி யோசிப்பதே சரி. முதலில் விளிம்பு, பிறகு அந்த விளிம்புக்கு நீரைக் கொண்டுவரும் தொண்டை, பிறகு வயிறு, கடைசியில் பிடி. வனையும் வரிசை இதற்கு நேர்மாறானது என்பதால்தான் பலருக்கு இங்கே சறுக்குகிறது. உடலை முடித்த பிறகு மூக்கு எங்கே வைக்கலாம் என்று தேடுகிறார்கள்.

கீழே தரும் அளவுகள் 1280 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை சுடும், நீர் கசியாதபடி இறுகும் ஸ்டோன்வேர் மண்ணுக்கானவை. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியாகவும், அங்கே பயின்றவர்கள் வழியாகவும் இந்த வகை வேலை நம் பக்கம் வேரூன்றியது. ஈரத்திலிருந்து சூளை இறங்கும்வரை மண் நீளவாக்கில் 12 விழுக்காடு சுருங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறோம். உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்பதை ஊகிக்க வேண்டாம். ஈரப் பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, உங்கள் சூளையில் உங்கள் வெப்பத்தில் சுட்டு அளந்துகொள்ளுங்கள். 12 விழுக்காடு என்பது காதுக்குச் சிறியதாகப் படும். ஆனால் கொள்ளளவில் அது மூன்று பக்கமும் சேர்ந்து 32 விழுக்காடு போய்விடும். ஈரத்தில் ஒரு லிட்டர் கொண்ட பாத்திரம் சுட்ட பிறகு 680 மில்லிதான் கொள்ளும்.

சொட்டு ஏன் அடியில் ஓடுகிறது

மெதுவாக ஊற்றும்போது நீர் விளிம்பை விட்டுப் பிரியாமல் வளைந்து அடிப்புறம் ஓடுவதற்கு விஞ்ஞானிகள் டீ பாட் விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1956-இல் மார்க்கஸ் ரைனர் அதை எழுப்பினார். மறு ஆண்டே ஜோசப் கெல்லர் விளக்கம் தந்தார். விளிம்பைச் சுற்றி வளையும் நீரில் அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் நீரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது என்பது அதன் சாரம். 2010-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், நீர் ஒட்டாத பூச்சு கொடுத்த விளிம்பில் இந்த ஒழுகல் மறைந்துவிடுவதைக் காட்டினார்கள். ஆக மேற்பரப்பு எவ்வளவு நனைகிறது என்பதும் முக்கியம்.

குயவருக்கு இதிலிருந்து கிடைப்பவை மூன்று: விளிம்பின் கூர்மை, நீரின் வேகம், மேற்பரப்பு. விளிம்பு உருண்டையாக இருந்தால் நீருக்கு வளைந்து போக வழி கிடைக்கிறது. கூராக இருந்தால் அந்தத் திருப்பத்தை எடுக்க முடியாமல் பிரிந்து விழுகிறது. வேகம் குறைந்தால் ஒட்டும். நிமிர்த்தும்போது வேகம் குறைந்தே தீரும். ஆகவே விளிம்பை வேகமான நீருக்காக அல்ல, நிற்கப்போகும் நீருக்காகச் செய்ய வேண்டும்.

ஈரத்தில் விளிம்பின் தடிமன் 2 மி.மீ. இருக்கட்டும். அதன் மேல்முனை மென்மையாகவும் கீழ்முனை கூராகவும் இருக்க வேண்டும். கை படும் இடம் மேல்முனை, நீர் அறுபடும் இடம் கீழ்முனை. இரண்டையும் ஈர ஸ்பாஞ்சால் ஒரே துடைப்பில் மழுக்கிவிடுவதே புதியவர்களின் மூக்குகள் சொட்டுவதற்கு முதல் காரணம் என்பேன். துடைக்கும் பழக்கம் கிண்ணத்துக்கும் கோப்பைக்கும் நல்லது. ஊற்றும் உதட்டில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாய்வு. கலம் நிமிர்ந்து நிற்கும்போது உதட்டின் மேற்பரப்பு உள்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மிச்ச நீர் உள்ளே திரும்பும். கடைசி 3 அல்லது 4 மி.மீ. மட்டும் கீழ்நோக்கி மடங்கட்டும். அப்படி மடங்கிய நுனியில் நிற்கும் சொட்டு கழுத்துக்குப் போக வேண்டுமானால் மேலே ஏறியாக வேண்டும், ஏறாது. இந்த மடிப்பு ஒரு சென்டிமீட்டர் ஆகிவிட்டால் காரியம் கெட்டுவிடும்: உள்ளே திரும்ப வேண்டிய நீரும் வெளிப்பக்கம் தேங்கி விழும்.

நம் வீடுகளில் இருக்கும் பாலாடையை எடுத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் அந்தச் சிறு கலத்தில் மூடிய மூக்கு கிடையாது. நீண்டு குறுகிப்போகும் திறந்த ஓடை மட்டும்தான். ஒவ்வொரு மில்லியையும் கை கட்டுப்படுத்துகிறது, கடைசிச் சொட்டு ஓடையிலேயே பின்வாங்குகிறது. திறந்த உதடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஜப்பானியர் செய்யும் ஒற்றை உதட்டுக் கிண்ணங்களிலும் இதே அறிவுதான் இருக்கிறது.

ஜக்: இழுத்த உதடு

சுட்ட பிறகு தளும்பாமல் ஒரு லிட்டர் கொள்ளும் ஜக் வேண்டுமென்றால், விளிம்பு வரை 1.2 லிட்டர் பிடிக்க வேண்டும். ஈரத்தில் அது ஏறக்குறைய 1.75 லிட்டர். இதற்கு 1.25 கிலோ மண் போதும். உள்விட்டம் சராசரியாக 11 செ.மீ., உயரம் 18 அல்லது 19 செ.மீ. சுவர் அடியில் 6 மி.மீ., மேலே வரவர 4 மி.மீ. விளிம்பை மட்டும் வேண்டுமென்றே 5 மி.மீ. தடிப்பாக விட்டு, ஈரத் தோல் துண்டால் நன்றாக அழுத்தி இறுக்குங்கள். இறுக்காத விளிம்பில் உதடு இழுத்தால் நுனி பிளக்கும்.

வயிற்றைத் தள்ளிய பிறகு விளிம்புக்கு 4 அல்லது 5 செ.மீ. கீழே கழுத்தை 8.5 செ.மீ. அளவுக்கு ஒடுக்குங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. நேர் உருளையில் நீர் அகலமான தகடாக விளிம்புக்கு வருகிறது. உதடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் இரு ஓரமும் வழியும். கழுத்து ஒடுங்கினால் நீர் அங்கேயே திரண்டு, உதட்டை அடையும்போது ஒரே ஓடையாக இருக்கும்.

உதடு இழுக்க ஏற்ற நேரம், மேல்நீரின் பளபளப்பு மறைந்து, விரல் ஒட்டாமல், ஆனால் இன்னும் வளையும் பதம். சித்திரை வெயிலில் வனைந்து கால் மணி நேரத்தில் அது வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் பாதி நாள் ஆகலாம். உதடு வரப்போகும் இடத்தில் 5 செ.மீ. நீளத்துக்கு விளிம்பை விரல்களுக்கிடையே மெல்ல மேல்நோக்கி இழுத்து, மற்ற இடத்தைவிட 5 மி.மீ. உயர்த்துங்கள். உதடு வெளியே வளையும்போது கீழே இறங்கும். இந்த உயரம் அதற்கு ஈடு. இதைச் செய்யாவிட்டால் உதடு மற்ற விளிம்பைவிடத் தாழ்ந்து, ஜக்கை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப முடியாமல் போகும்.

பிறகு இடக்கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் 3 செ.மீ. இடைவெளியில் வெளிப்புறம் ஊன்றுங்கள். வலக்கை ஆட்காட்டி விரலை நனைத்து, உள்ளே இரு விரல்களுக்கும் நடுவில் இடம் வலமாக அசைத்தபடி வெளியே கொண்டுவாருங்கள். ஒரே இழுப்பில் வேண்டாம், ஏழெட்டு சிறு அசைவுகளில். வெளியே ஊன்றிய விரல்கள் பின்னால் தள்ளத் தள்ளத் தொண்டைப் பள்ளம் கழுத்து வரை இறங்க வேண்டும். விளிம்பில் மட்டும் ஒரு வளைவு போட்டுவிட்டு நிறுத்துவது பலர் செய்யும் தவறு. பள்ளம் குறைந்தது 4 செ.மீ. கீழே போனால்தான் நீர் திரளும். கடைசியில் நகத்தின் பின்புறத்தால் நுனியை ஒரு முறை கீழே தட்டுங்கள். அந்த 3 மி.மீ. மடிப்பும் கீழ்முனையின் கூர்மையும் அப்போது வந்துவிடும். உதடு இழுத்ததும் வாய் நீள்வட்டமாகிவிடும். உதட்டின் இரு பக்கத்திலும் உள்ளங்கை வைத்து மெல்ல நெருக்கினால் சரியாகும்.

வெட்டி ஒட்டும் உதடு இன்னொரு வழி. விளிம்பில் ஆங்கில வி வடிவில் வெட்டு எடுத்து, மெல்லிய மண் தகட்டை மடித்து ஒட்டுவார்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் போர்சிலின் பால் ஜக்குகளில் சிட்டுக்குருவி அலகு என்று இதைச் சொன்னார்கள். கூர்மையான நுனி எளிதாகக் கிடைக்கும். சிறிய ஜக்குகளுக்கு, 300 மில்லிக்குக் கீழே, இழுத்த உதட்டைவிட இதையே நான் விரும்புகிறேன். சிறிய விளிம்பில் விரல் அசைய இடம் இல்லை.

மூடிய மூக்கு

டீ பாட்டின் மூக்கு ஒரு புனல். அடியில் அகலம், நுனியில் குறுக்கம். அகலத்திலிருந்து குறுக்கத்துக்குப் போகும்போது நீர் வேகமெடுக்கிறது. வேகமெடுத்த நீர் விளிம்பில் சுத்தமாகப் பிரிகிறது. அடி முதல் நுனி வரை ஒரே அகலத்தில் குழாய்போல் செய்த மூக்கு சோம்பலாக ஊற்றும், கட்டாயம் சொட்டும்.

சுட்ட பிறகு 700 மில்லி கொள்ளும் டீ பாட்டுக்கு உடல் 1 கிலோ, மூடி 200 கிராம், மூக்கு 250 கிராம் என்று மண்ணை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே நாளில், ஒரே பிசைவில் இருந்து. மூக்கின் அடி உள்விட்டம் ஈரத்தில் 40 மி.மீ., நுனி 12 மி.மீ., உயரம் 11 செ.மீ. சக்கர வேகத்தைக் குறைத்து, அடியிலிருந்து மேல்நோக்கி இரு கை விரல்களாலும் நெருக்குங்கள். ஒவ்வொரு நெருக்கலுக்குப் பிறகும் சுவர் தடிக்கும், அதை உடனே மேலே இழுத்துவிட வேண்டும். விரல் நுழையாத கட்டம் வந்ததும் வழவழப்பான குச்சியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மேடு தங்கிவிட்டால் நீரோட்டம் முறுக்கிக்கொண்டு வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத குறை இது. ஊற்றும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

உடலும் மூக்கும் தோல் பதத்துக்கு, அதாவது வளையாமல் நின்றாலும் கத்தியால் அறுக்கக்கூடிய பதத்துக்கு, வந்த பிறகு, மூக்கின் அடியைக் கம்பியால் சாய்வாக அறுத்து உடலில் வைத்துப் பாருங்கள். ஒரு விதியை எழுதி ஒட்டிவைக்கலாம்: மூக்கின் நுனி, மூடி அமரும் படியின் மட்டத்துக்குச் சமமாகவோ 5 மி.மீ. உயரமாகவோ இருக்க வேண்டும். தாழ்ந்தால், பாட்டை நிரப்பும்போதே மூக்கு வழியாக வெளியே கொட்டும். மிக உயர்ந்தால், சாய்க்கும்போது மூக்கில் நீர் வருவதற்கு முன் மூடியோரம் வழியும். கண்மட்டத்தில் ஓர் அளவுகோலைக் கிடையாகப் பிடித்துச் சரிபாருங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம்.

இடம் முடிவானதும் மூக்கின் அடியைச் சுற்றிக் கோடு போட்டு, கோட்டுக்குள் உடலின் சுவரை உள்ளிருந்து 3 அல்லது 4 மி.மீ. ஆகும்வரை சீவி, துளை போடுங்கள். இலைத் தேயிலைக்கு வடிதுளைகள் தேவை. கணக்கு எளிது: எல்லாத் துளைகளின் பரப்பும் சேர்ந்து மூக்கு நுனியின் பரப்பைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும், அதுவும் கிளேஸ் போட்ட பிறகு. ஈரத்தில் 5 மி.மீ. துளை, சுருங்கி, கிளேஸும் ஏறி 3.5 மி.மீ. ஆகும். நுனி 10 மி.மீ. என்றால் 17 துளைகள் குறைந்தபட்சம். நடுவில் 1, சுற்றி 6, அதைச் சுற்றி 12 என்று 19 போட்டால் அழகாகவும் அமையும், ஒன்றிரண்டு அடைத்தாலும் தாங்கும். துளையிட்ட பிசிறுகளை ஈரத்தில் தொடாதீர்கள், மற்ற துளைகளை அடைத்துக்கொள்ளும். சற்றுக் காய்ந்த பிறகு தூரிகையால் தட்டினால் தானே உதிரும்.

ஆனால் யாருக்குச் செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் டஸ்ட் டீயைக் கொதிக்கவைத்து வடிகட்டித்தான் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். அந்த வீட்டுக்கு 19 துளை வீண் வேலை. பால் ஏடு படிந்து அடைப்பதும் அங்கேதான். 25 மி.மீ. அகலத்தில் ஒரே துளை போட்டுவிடுங்கள், கழுவவும் எளிது. நீலகிரி இலைத் தேயிலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பவருக்கு மட்டும் வடிதுளை.

ஒட்டும்போது இரு பக்கமும் கீறி, அதே மண்ணின் கெட்டிக் குழம்பைத் தடவி, மூக்கை அழுத்தி லேசாக அசைத்துவிடுங்கள். குழம்பு ஓரத்தில் பிதுங்கி வந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று பொருள். உள்பக்கத்தை அடையமுடியாது என்பதால் வெளியோரத்தில் மெல்லிய மண்திரி வைத்து அழுத்திப் பூசுவது நல்லது.

சக்கரத்தில் வனைந்த மூக்கு சூளையில் முறுக்கிக்கொள்ளும். வனையும்போது மண்ணில் ஏறிய திருகல் சுடும்போது வெளிப்படுகிறது. நேராக வெட்டிய நுனி சுட்ட பின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காரணம் அதுதான். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது உங்கள் சக்கரம் சுற்றும் திசையையும் மண்ணையும் மூக்கு எவ்வளவு நெருக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. முதலில் இரண்டு மூக்குகளை நேராக வெட்டிச் சுட்டு, சாய்வை அளந்து, அடுத்தவற்றை அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள். நுனியை வெட்டாமல் வட்டமாகவே விட்டுவிட்டால் முறுக்கினாலும் தெரியாது. தகட்டு மண்ணைச் சுருட்டிச் செய்யும் மூக்குக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சீனத்தின் யீஷிங் டீ பாட்டுகள் தட்டிய தகடுகளால் கட்டப்படுபவை. அவற்றின் மூக்கு நேராக நிற்பதில் அந்தச் செய்முறைக்கும் பங்கு உண்டு.

கெண்டியும் எண்ணெய்க் கலமும்

வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் கெண்டிக்கு வேண்டியது வேறு. கோப்பைக்கும் மூக்குக்கும் இடையே 3 செ.மீ. இருக்கலாம், வாய்க்கும் கெண்டிக்கும் இடையே ஒரு சாண் இருக்கும். அத்தனை தூரமும் நீர் சிதறாத கயிறாக வர வேண்டும். சுட்ட பின் நுனி 6 அல்லது 7 மி.மீ., சரியான வட்டம், உள்ளே மேடு பள்ளம் இல்லாமல், கடைசி 3 செ.மீ. வளைவின்றி நேராக. வெட்டிய நுனி இங்கே வேண்டாம், நீர் ஒரு பக்கம் விசிறும். ஒரு முழு வாய்க்கு மேல் வராத அளவு ஓட்டம் இருந்தால் புரையேறாது.

கெண்டி நீரைக் குளிரவைக்க வேண்டுமென்றால் ஸ்டோன்வேர் உதவாது. முழுக்க இறுகிய மண்ணில் நீர் கசியாது. கசிந்து ஆவியாகாவிட்டால் குளிர்ச்சி கிடையாது. அதற்கு 850 முதல் 950 டிகிரிக்குள் சுட்ட, கிளேஸ் போடாத செம்மண்தான். அந்த மண்ணில் நுனி விளிம்பு சீக்கிரம் உதிரும். ஆகவே 2 மி.மீ. கூர்மையை விட்டுவிட்டு 4 மி.மீ. தடிமனுக்குப் போங்கள். சொட்டுவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எண்ணெய் எதிலும் ஒட்டும். எவ்வளவு கூரான விளிம்பும் அதைத் தண்ணீரைப்போல் அறுக்காது. அதனால் எண்ணெய்க் கலத்தில் சொட்டைத் தடுப்பதைவிடப் பிடித்துக்கொள்வதே வழி. கழுத்தைச் சுற்றி 1 செ.மீ. உயரத்தில் ஒரு வளையத் தொட்டி வைத்து, அதன் அடியில் உள்ளே போகும் 5 மி.மீ. துளை இட்டால் ஒழுகியது திரும்பக் கலத்துக்குள் இறங்கும். தேங்காயெண்ணெய்க்கு மூடிய மூக்கே கூடாது. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், மார்கழிக் காலையில் மூக்கு கட்டிக்கொள்ளும். பாலாடைபோல் திறந்த உதடும், கரண்டி நுழையும் வாயும் கொடுங்கள்.

காற்று, மூடி, பிடி

ஊற்றும்போது களக் களக் என்று விட்டுவிட்டு வந்தால் காற்று உள்ளே போக வழியில்லை. மூடியில் சுட்ட பின் 3 மி.மீ. நிற்குமாறு ஒரு துளை வேண்டும். அதற்கு ஈரத்தில் 5 மி.மீ. போடுங்கள். குமிழை ஒட்டி, பிடி இருக்கும் பக்கமாக வையுங்கள். மூக்குப் பக்கம் வைத்தால் சாய்க்கும்போது தேநீர் அதன் வழியே வரும். கிளேஸில் அது மூடிக்கொள்வது அடிக்கடி நடக்கும். நனைத்து எடுத்தவுடன் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

மூடி அமரும் படி 6 அல்லது 7 மி.மீ. அகலம். மூடியின் உள்வளையம் ஈரத்தில் 20 மி.மீ. ஆழம் இறங்கினால் பாட்டை நன்றாகச் சாய்த்தாலும் விழாது. வளையத்துக்கும் வாய்க்கும் இடையே பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி போதும். வாயை வனைந்த கையோடு காலிப்பரால் அளந்து, காய்வதற்கு முன்பே மூடியையும் வனையுங்கள். காயும்போதும் சுடும்போதும் மூடி தன் இடத்திலேயே இருந்தால் இரண்டும் ஒன்றாகவே கோணும், ஒன்றாகவே பொருந்தும். படியில் மெழுகோடு, சூளை வெப்பத்திலும் உருகாத அலுமினா ஹைட்ரேட் தூளைக் கலந்து தடவினால் சூளையில் ஒட்டாது. சுட்ட பின் சற்றுக் கடகடத்தால், மோட்டார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி மூடியைத் திருகித் தேய்த்து அமரவைக்கலாம். ஜப்பானின் தொகொனாமெயில் மூடியையும் உடலையும் இப்படிச் சேர்த்துத் தேய்ப்பது வழக்கமான வேலை.

பிடியைப் பற்றி ஒன்றுதான் அழுத்திச் சொல்வேன்: நிரம்பிய எடையில் யோசியுங்கள். காலி ஜக் 900 கிராமுக்குள் இருந்தாலும் ஒரு லிட்டர் நீரோடு அது ஏறக்குறைய 2 கிலோ. பிடி உடலைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு மணிக்கட்டு வலிக்கும். விரல் புறங்கை சூடான வயிற்றில் படாத அளவுக்கு, ஈரத்தில் 4 செ.மீ. இடைவெளி. நான்கு விரல் பிடிக்கும் உள்ளுயரம் 9 அல்லது 10 செ.மீ. அதற்குமேல் தேவையில்லை. பிடியின் மேல்முனை கழுத்திலும் கீழ்முனை வயிற்றின் அகலமான இடத்துக்குச் சற்றுக் கீழேயும் சேர்ந்தால் சாய்ப்பது இலகு. மூக்கும் பிடியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். சில மி.மீ. விலகினாலும் கோப்பையில் விழ வேண்டியது தட்டில் விழும்.

பிடியும் மூக்கும் உடலைவிட மெல்லியவை, முதலில் காயும், முதலில் சுருங்கும், ஒட்டில் விரிசல் விடும். பிளாஸ்டிக் தாளால் மூடி மூன்று நான்கு நாள் ஆறவிடுங்கள். பிடிக்கும் மூக்கு நுனிக்கும் தனியாக ஒரு சுற்று. கோடையில் கடல்காற்று அடிக்கும் பக்கம் ஒரு மணி நேரம் திறந்துவைத்தாலே ஒட்டு கீறிவிடும்.

கிளேஸ், சூளை, சோதனை

முதல் சூடு 950 முதல் 1000 டிகிரி. கிளேஸ் போடும்போது முதலில் உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கொட்டி, சில மணி நேரம் ஆறவிட்டு, பிறகு வெளியே. இரண்டையும் உடனுக்குடன் செய்தால் மெல்லிய மூக்குச் சுவர் நீரில் ஊறி, கிளேஸ் அங்கே ஏறாமல் உரியும். உள்ளே ஊற்றிக் கொட்டிய அடுத்த கணம் மூக்கு வழியாகப் பலமாக ஊதுங்கள். காய்ந்த பிறகு துளைகளைத் திறப்பது பெரும்பாடு.

உதட்டில் கிளேஸ் மெல்லியதாக இருக்க வேண்டும். மற்ற இடத்தில் 1 மி.மீ. என்றால் இங்கே அதில் பாதி. தடித்த கிளேஸ் உருகி விளிம்பில் உருண்டையாகத் திரளும், அத்தனை கவனத்தோடு செய்த கூர்மை போய்விடும். நுனியின் அடிப்புறத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். டென்மோகு போன்ற இரும்புக் கிளேஸ்கள் விளிம்பில் தாமாகவே மெலிந்து செந்துருநிறம் காட்டும், ஊற்றுகலத்துக்கு இவை ஏற்றவை. தடிமனாகப் போட்டால்தான் அழகு தரும் பால்வெள்ளைக் கிளேஸ்களை வயிற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். உள்ளே ஈயம் இல்லாத, பளபளப்பான, வெடிப்பு ஓடாத கிளேஸ் மட்டும். எலுமிச்சைத் துண்டை இரவு முழுதும் அதன்மேல் வைத்து, காலையில் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் உணவுக்கு வேண்டாம்.

விறகுச் சூளையில் மூக்கைத் தீவாயிலிலிருந்து திருப்பி அடுக்குங்கள். சாம்பல் படிந்த நுனி சொரசொரப்பாகி நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வயிற்றில் சாம்பல் விழுவது அழகுதான், அந்தப் பக்கத்தைத் தீக்குக் காட்டலாம்.

சூளை இறங்கியதும் ஒவ்வொன்றையும் மூன்று வேகத்தில் சோதியுங்கள். ஐந்தில் நான்கு பங்கு நிரப்பி, காய்ந்த செய்தித்தாளின் மேல் வைத்த கோப்பையில் முதலில் மிக மெதுவாக, பிறகு சாதாரணமாக, பிறகு வேகமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சட்டென நிமிர்த்துங்கள். தாளில் புள்ளி விழுந்தால் உடனே தெரியும். 150 மில்லி கோப்பை மூன்று நான்கு நொடியில் நிறைய வேண்டும். அதற்குமேல் ஆனால் துளைகளோ நுனியோ சிறியது. நீர் இரண்டாகப் பிரிந்து வந்தால் நுனியில் பிசிறு. நிறைந்த கலத்தை இரவு முழுதும் தாளில் விட்டு, காலையில் ஈரத் தடம் இருந்தால் மண் முழுக்க இறுகவில்லை. டீ பாட்டாக இருந்தால் ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொதிநீர் ஊற்றுங்கள். விற்ற பிறகு வாங்கியவர் கையில் வெடிப்பதைவிட இங்கே வெடிக்கட்டும். முதல் சூட்டோடு நிற்கும் பிஸ்க்கில் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். அது நீரை உறிஞ்சுவதால் எந்த மூக்கும் மோசமாகவே ஊற்றும்.

இத்தனைக்கும் பிறகு மெதுவான ஊற்றில் மட்டும் சொட்டும் கலங்கள் சில இருக்கும். வைரத்தூள் பதித்த அரத்தை நனைத்து, நுனியின் அடிப்புறத்தை மட்டும் உள்நோக்கிச் சாய்வாக அராவினால் பெரும்பாலானவை திருந்திவிடும். வேலையின்போது முகக்கவசம் அவசியம். அராவிய இடத்தை நுண்ணிய உப்புத்தாளால் வழவழப்பாக்கி, சிறிது தேன்மெழுகைச் சூடாக்கித் தேய்த்துவிடுங்கள். நீர் ஒட்டாது. மெழுகு வெந்நீரில் போய்விடும் என்பதால் இது தண்ணீர் ஜக்குக்கும் எண்ணெய்க் கலத்துக்கும் மட்டும். டீ பாட்டில் அராவியும் திருந்தாவிட்டால் அதை விற்பனைக்கு வைக்காதீர்கள். மூக்கை நீளவாக்கில் வைர வட்டு ரம்பத்தால் பிளந்து, உள்ளே மேடு எங்கே இருந்தது, நுனித் தடிமன் எவ்வளவு என்று அளந்து, அடுத்த மூக்கு வனையும் முன் அந்தப் பாதியைச் சக்கரத்தின் அருகே வைத்துக்கொள்ளுங்கள்.